நுனி முடி

ஜெகதாம்பாள் குவைத்துக்கு வேலைக்குப் போனது 1985இல், பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்ட வாரத்தில். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் கணவன் மணவாளன் வேலை பார்த்த, இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பை முதலாளி இழுத்து மூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அண்ணனூரில் ரயில் பாதையை ஒட்டி அவர்கள் கட்டத் தொடங்கிய வீடு, சுவர் எழும்பி, கூரை இல்லாமல் நின்றது. அந்தச் சமயத்தில்தான் பூந்தமல்லியிலிருந்து, ஜெகதாவுக்குப் பழக்கமான ரசூல் பீவி வந்தாள். அவள் ஏற்கெனவே குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்பவள், லீவில் வந்திருந்தாள். அங்கே பக்கத்து வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்றாள்.

"நான் போறேனே," என்றான் மணவாளன்.

"அவங்க கேக்குறது பொம்பளைய, தம்பி. நீங்க போயி கைப்புள்ளைய குளிப்பாட்டுவீங்களா?" என்று ரசூல் பீவி சிரித்தாள்.

ஜெகதா சிரிக்கவில்லை. அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

பம்பாய் ரயிலுக்காக சென்ட்ரலில் காத்திருந்தபோது, மகள் பொன்னியைப் பெஞ்சில் தன் முன்னால் உட்காரவைத்து, காலையில் போட்ட பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாள் ஜெகதா. அப்போது பொன்னிக்கு எட்டு வயது. முடி தோளைத் தாண்டி முதுகில் விழுந்திருந்தது. தாயிடமிருந்து வந்த முடி. கறுப்பென்றால் கறுப்பு, கையில் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். பின்னி முடித்ததும் ஜெகதாவுக்கு மனம் வரவில்லை. அவிழ்த்து இன்னொரு முறை பின்னினாள்.

"ந்தாய்யா, இன்னா ஆனாலும் இவ முடியில கத்திரி வெச்சுடாதே. ரெண்டே வருசம். நான் வர சொல்லோ முட்டி வரைக்கும் தொங்கிகினு இருக்கணும்," என்றாள் கணவனிடம்.

"வெக்க மாட்டேன். நீ பத்திரமா போ," என்றான் மணவாளன்.

ரயில் போன பிறகும் அப்பாவும் மகளும் பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு ஆவடி வண்டியைப் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பின்னலை இரண்டு நாள் அவன் அவிழ்க்கவிடவில்லை.

மூன்றாம் நாள் அவிழ்க்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் தனக்குப் பின்னத் தெரியாது என்பதே மணவாளனுக்கு உறைத்தது. இரும்புத் தகட்டை விரலால் தடவியே அதன் கனத்தைச் சொல்லிவிடுகிற கை அது. முடியின் மூன்று கால்களையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள அதற்கு வரவில்லை. ஜன்னல் கம்பியில் கயிற்றுப் பிரியை மூன்றாகக் கட்டித் தொங்கவிட்டு, மத்தியானம் முழுக்கப் பின்னிப் பின்னிப் பழகினான். பள்ளிக்கூடம் திறந்த அன்று அவன் போட்டுவிட்ட இரட்டைப் பின்னல் பிரேயர் முடிவதற்குள் அவிழ்ந்துவிட்டது. ஒரு மாதத்தில் நிற்க ஆரம்பித்தது. மூன்று மாதத்தில், தெருவில் இருந்த மற்றப் பெண்பிள்ளைகளின் பின்னலோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு அலசிவிடுவது, ஈரம் காயும்வரை விளையாட ஓடவிடாமல் பிடித்து வைப்பது, சிக்கை நுனியிலிருந்து எடுத்துக்கொண்டே மேலே போவது என்று எல்லாம் கைவந்தது.

அந்த வருடக் கடைசியில் அவனுக்கு முகப்பேரில் வேலை கிடைத்தது. ஹவுசிங் போர்டு வீடுகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த காலம். மூன்று சக்கர வண்டியில் கேஸ் சிலிண்டர் ஏற்றிக்கொண்டு போய், மாடிமாடியாகத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். பொன்னியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் அவள் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்பதற்காகவே அந்த வேலையைப் பிடித்துக்கொண்டான்.

குவைத்திலிருந்து கேசட் வரும். யாராவது லீவில் வரும்போது கொடுத்தனுப்புவாள் ஜெகதா. முதலில் வந்தவர் கையில் ஒரு டேப் ரெக்கார்டரையும் கொடுத்து விட்டிருந்தாள். கேசட்டில் அவள் குரல் கொஞ்சம் மெலிந்து, யாருக்கோ பயந்து பேசுவது போலக் கேட்கும். எஜமானியம்மா நல்ல மாதிரி, சாப்பாட்டுக்குக் குறையில்லை, வெயில்தான் தாங்கவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்பாள்.

"பொன்னிம்மா, முடி எது வரைக்கும் வந்துச்சுடி?"

பொன்னி டேப் ரெக்கார்டருக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லிப் பதிவு செய்வாள். முதுகில் பாதி வந்துவிட்டது. அடுத்த கேசட்டில், இடுப்பைத் தொட்டுவிட்டது. அதற்கடுத்ததில், இடுப்பைத் தாண்டிவிட்டது. ஜெகதா போய் எத்தனை நாளாயிற்று என்று யாராவது கேட்டால் மணவாளனின் கண் தானாக மகளின் பின்னலுக்குப் போகும்.

இரண்டு வருடம் முடிந்தது. ரசூல் பீவி இனிமேல் முடியாது என்று ஊரோடு வந்துவிட்டாள். ஜெகதா வரவில்லை. அவள் கொடுத்தனுப்பிய கேசட்டில், கூரை போட்டாயிற்று, இன்னும் ஒரே வருடம் இருந்தால் தரை போட்டுக் கதவு வைத்துவிடலாம் என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு வருடம் முடிந்ததும் மறுபடி ஒரு வருடம் என்றாள். மணவாளன் அந்தக் கேசட்டைப் பொன்னி பள்ளிக்குப் போன பிறகு தனியாகப் போட்டுக் கேட்டான். பேச்சுக்கு நடுவே எங்கோ ஒரு குழந்தை அழுகிறது; ஜெகதா அரபியில் ஏதோ சொல்லி அதைச் சமாதானப்படுத்துகிறாள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். அவ்வளவு கொஞ்சலாக அவள் பேசி அவன் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

பொன்னி ஏழாம் வகுப்புப் போனபோது முடி இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இறங்கியிருந்தது. ஆனால் நீளத்துக்குத் தக்க கனம் இல்லை. பிடரியில் பிடித்தால் கை கொள்ளாது. கீழே வர வர மெலிந்து, கடைசி ஒரு சாணில் பின்னுவதற்கே எதுவும் இல்லை. நுனி பழுப்பேறி, ஒவ்வொரு முடியும் இரண்டாகப் பிளந்திருந்தது. ரிப்பன் கட்டினால் நழுவிக் கீழே விழும்.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப் பையை வீசிவிட்டு அழுதாள்.

"எலிவாலுன்னு கூப்புடுதுங்க நைனா. கீழ கொஞ்சம் வெட்டி உட்டுடேன்."

"அம்மா வரட்டும்மா."

"எப்பத்தான் வரும் அது?"

மணவாளன் சட்டையை மாட்டிக்கொண்டான். கடைக்குப் போய் அவளுக்குப் பிடித்த தேன்மிட்டாய் வாங்கி வந்தான். அவள் அதைத் தொடவில்லை.

முகப்பேரில் அவன் சிலிண்டர் போடும் வீடுகளில் ஒன்று ஞானம்மாள் டீச்சருடையது. மூன்றாவது மாடி. ஒரு சனிக்கிழமை சிலிண்டரை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, டீச்சர் பால்கனியில் தன் மகளை ஸ்டூலில் உட்காரவைத்து முடி வெட்டிக்கொண்டிருந்தாள். முடியை முதுகில் பரப்பி, சீப்பால் நேராக இழுத்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் கத்திரி போய்க்கொண்டிருந்தது. கீழே விரித்த பேப்பரில் விரல் அகலத்துக்குத் துண்டு முடி. அந்தப் பெண்ணுக்கும் நீள முடிதான். ஆனால் மேலே எப்படியோ கீழேயும் அப்படியே, துடைப்பக்கட்டை போல அடர்த்தியாக இருந்தது.

மணவாளன் போகாமல் நின்றான்.

"என்னப்பா, காசு குடுத்துட்டேனே?" என்றாள் டீச்சர்.

"அதில்ல டீச்சர். எம் பொண்ணுக்கும் இடுப்புக்குக் கீழ தொங்குது. நீளமா வளக்குற முடிய ஏன் வெட்டுறீங்க?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒழுங்காகவே பதில் சொன்னாள். "நுனி பிளந்துடும்ப்பா. விட்டா பிளவு மேல ஏறிக்கிட்டே போயி நடுவுல ஒடிஞ்சிடும். மூணு மாசத்துக்கு ஒருக்கா இப்படி ஒரு விரல் அளவு எடுத்துட்டா அடிவரைக்கும் கனமா தெரியும். வெட்டினா வேகமா வளரும்னு சொல்றதெல்லாம் சும்மா. வளர்றது தலையிலேர்ந்து. நாம வெட்டுறது பழைய முடிய."

"பழைய முடின்னா?"

"நுனியில இருக்கறதுதான் வயசான முடி. உன் பொண்ணுக்கு இடுப்புக்குக் கீழ இருக்குன்னா, அந்த நுனி நாலஞ்சு வருஷத்துக்கு முந்தி தலையில முளைச்சது."

அவன் தலையாட்டிவிட்டு இறங்கினான். வண்டியை மிதித்துக்கொண்டு போகையில் அந்தப் பேச்சு அவனை விடவில்லை. நாலைந்து வருடத்துக்கு முந்தைய முடி. அப்படியானால் சென்ட்ரல் ஸ்டேஷன் பெஞ்சில் ஜெகதா இரண்டு முறை பின்னிய முடி அது. அவள் விரல் பட்டது அந்த நுனி மட்டும்தான். அதற்கு மேலே இருப்பதெல்லாம் அவள் இல்லாமல் வளர்ந்தது.

அன்று சாயங்காலம் பொன்னிக்குச் சிக்கெடுக்கையில், அந்த நுனியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். டீச்சர் சொன்னது அவனுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. வெட்டத்தான் வேண்டும். ஆனால் அவனால் முடியாது என்பது அன்றுதான் தெரிந்தது. அந்த நுனியில் அதிகமாகத் தேங்காயெண்ணெய் தடவி, ரிப்பனோடு சேர்த்து மடித்துக் கட்டிவிட்டான்.

1990 கோடையில் பொன்னி பெரியவளானாள். தெருவில் தாயம்மா என்ற கிழவி ஒருத்தி இருந்தாள். அவள்தான் தண்ணீர் ஊற்றினாள். சடங்கை எப்போது வைத்துக்கொள்வது என்று கேட்டு மணவாளன் கேசட் அனுப்பினான். பதிலில் ஜெகதா அழுதுகொண்டே பேசினாள். யாரும் சடங்கு செய்துவிட வேண்டாம். எஜமானியம்மாவிடம் சொல்லிவிட்டாள். ஆவணியில் வருகிறாள். பட்டுப்பாவாடை வாங்கிவிட்டாள். பூ ஜடை தன் கையால்தான் தைப்பாள்.

ஆகஸ்ட் மாதம் தொடங்கியதும் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு கேசட்டும் இல்லை, ஆளும் இல்லை. மணவாளன் தினமும் வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்கு ரசூல் பீவி வீட்டுக்குப் போவான். அங்கே தெரு முழுக்க அப்படித்தான் இருந்தது; வீட்டுக்கு ஒருவர் அங்கே இருந்தார்கள். ஆண்கள் ரேடியோவைச் சுற்றி நிற்பார்கள். யார் வீட்டுக்காவது செய்தி வந்தால் மற்றவர்கள் ஓடிப் போய்த் தங்கள் ஆளைப் பற்றிக் கேட்பார்கள்.

"அல்லா காப்பாத்துவான் தம்பி. வீட்டுக்குள்ள இருக்கறவ. அவளுக்கு ஒண்ணும் ஆவாது," என்பாள் ரசூல் பீவி. அவளுடைய தங்கச்சி மகன் ஒருவனும் அங்கே இருந்தான். சொல்லும்போது அவள் மணவாளனைப் பார்க்க மாட்டாள்.

வீட்டில் அவன் பொன்னியின் முடியை முன்பைவிட அதிகமாகப் பாதுகாத்தான். சிக்கெடுக்கையில் நுனியில் இரண்டு முடி ஒடிந்தால்கூட முகம் மாறிவிடும். பொன்னி அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டென்று கேட்டாள்.

"நைனா, நீ ஏன் இந்த நுனிய இப்டி புடிச்சிகினு கீறே?"

அவன் சொல்லிவிட்டான். பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்ல வேண்டிய விஷயமா என்று யோசிக்கவில்லை. இது உன் அம்மா பின்னிய முடி, இது மட்டும்தான் இங்கே மிச்சம் என்றான்.

பொன்னி அவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு அது பின்னி உட்டது ஞாபகமே இல்ல நைனா. யோசிச்சு யோசிச்சு பாக்குறேன். உன் கைதான் ஞாபகம் வருது." அந்த நுனியைத் தூக்கிக் காட்டினாள். "அம்மா வந்து பாக்க சொல்லோ நான் நல்லா கீணும். இப்டி எலிவாலா வேணாம்."

மணவாளன் எழுந்து வெளியே போனான். வீட்டை ஒட்டிய பாதையில், ஷெட்டுக்குள் போகும் ரயில் ஒன்று காலியாக மெல்ல ஊர்ந்து போனது. அது கடைசிப் பெட்டிவரை போகும்வரை நின்றிருந்துவிட்டு உள்ளே வந்தான். "வா, டீச்சர் ஊட்டுக்கு போலாம்," என்றான்.

ஞானம்மாள் டீச்சர் அவர்களை நேரே பால்கனிக்கு அழைத்துப் போனாள். ஸ்டூலைப் போட்டாள், பேப்பர் விரித்தாள். முடியை நனைத்துச் சீவிக் காட்டி, "இது ஒரு விரல்ல போகாதுப்பா. ஒரு சாண் எடுக்கணும். அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா போதும்," என்றாள்.

"எடுங்க டீச்சர்."

கத்திரி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போய்ச் சேரும்வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கண்ணை எடுக்கவில்லை. வெட்டி முடித்துப் பின்னிப் பார்த்தபோது பொன்னியின் பின்னல் இடுப்பில் முடிந்தது. கனமாக, ஒரே அளவாக, கடைசிவரை கயிறு போல. பொன்னி பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு நுனியைக் கையில் பிடித்துப் பார்த்தாள். சிரித்தாள். ஒரு வருடமாக அவன் பார்க்காத சிரிப்பு.

கீழே கிடந்த முடியை டீச்சர் பேப்பரோடு சுருட்டினாள். "குடுங்க," என்று அவன் கையை நீட்டினான். பிறகு, "இல்ல, போட்டுடுங்க," என்றான்.

ஜெகதா அக்டோபரில் வந்தாள். பஸ்ஸிலும் நடையிலுமாக ஜோர்டான் எல்லைக்கு வந்து, பாலைவனக் கூடாரத்தில் வாரக்கணக்கில் கிடந்து, விமானத்தில் பம்பாய்க்கும் ரயிலில் சென்னைக்கும் வந்து சேர்ந்தாள். கையில் ஒரு துணி மூட்டை தவிர எதுவுமில்லை. பட்டுப்பாவாடையும் வழியில் போயிற்று. பம்பாயிலிருந்து தந்தி வந்து, மகளோடு சென்ட்ரலுக்குப் போன மணவாளன், கூட்டத்துக்கு நடுவே கறுத்து எலும்பாக நின்ற பெண்ணை முதலில் கடந்தே போய்விட்டான். அவள்தான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பொன்னியைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அவள் கை மகளின் பிடரியிலிருந்து பின்னலைத் தடவிக்கொண்டே கீழே இறங்கி, இடுப்பில் முடிந்த இடத்தில் நின்றது.

"வெட்டினியா?" என்று கணவனைக் கேட்டாள்.

"வெட்டினேன். நுனி கெட்டுப் போச்சு ஜெகதா."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கோபப்பட்டிருந்தால்கூட அவனுக்குப் பரவாயில்லை என்றிருந்திருக்கும்.

மறுநாள் காலையில் பொன்னி சீப்பும் எண்ணெயுமாக வழக்கம் போல அப்பாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஜெகதா அடுப்படியிலிருந்து வேகமாக வந்தாள். "குடுய்யா, நான் போடுறேன்."

"நைனா போட்டுடும்மா. நீ படுத்துக்கோ," என்றாள் பொன்னி. அம்மாவுக்கு அலைச்சல் என்றுதான் சொன்னாள். ஆனால் நீட்டிய கையை ஜெகதா மடக்கிக்கொண்டதை மணவாளன் பார்த்துவிட்டான். அவள் அடுப்படிக்குப் போகாமல் வாசல் நிலையில் சாய்ந்து, அவன் விரல்கள் மூன்று கால்களையும் மாற்றி மாற்றிப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாளி போல.

இப்படி நாலைந்து நாள் போயிற்று. பிறகு ஒரு நாள் மணவாளன் பொன்னி எழுந்திருக்கும் முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். இனிமேல் லோடு காலையிலேயே ஏற்ற வேண்டுமாம் என்று ஜெகதாவிடம் சொன்னான். அப்படி ஒன்றும் இல்லை. முகப்பேரில் ஏஜென்சிக் கதவு திறக்கும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். டீ ஆறிக்கொண்டிருக்கும். இந்நேரம் சிக்கெடுத்திருப்பாள், இந்நேரம் வகிடு எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வான். விரல்கள் சும்மா இருக்காமல் டீக்கடை பெஞ்சில் கிடந்த சணல் துண்டை எடுத்துப் பின்னிக்கொண்டிருக்கும்.

தை மாதத்தில் சடங்கு வைத்தார்கள். பூ ஜடையை ஜெகதாவே தைத்தாள். குஞ்சலம் நுனியில் அசையாமல் நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் முடியைச் சொன்னார்கள். அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே பேச்சுத் திரும்பி வந்திருந்தது. காலையில் பின்னும்போது இருவரும் ஏதேதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் தெருவில் கேட்கும். மணவாளன் விரும்பியது அதைத்தான். அதைக் கேட்பதற்கு அவன் வீட்டில் இருப்பதில்லை.

டீச்சரைப் பார்த்துக் கற்றுக்கொண்டதில், வெட்டுவது மட்டும் அவனுடையதாயிற்று. ஜெகதாவுக்குக் கத்திரி பிடிக்க மனம் வரவில்லை. "அத நீயே செய்," என்று சொல்லிவிட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொன்னி ஸ்டூலில் உட்காருவாள். அவன் முடியை நனைத்து, நேராகச் சீவி, ஒரு விரல் அளவு எடுப்பான். பத்து நிமிட வேலையை ஒரு மணி நேரம் செய்வான். அந்த ஒரு மணி நேரத்தில் பள்ளிக்கூடத்துச் சண்டை, தோழிகள், பின்னாளில் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலைக்குப் போனபின் சூப்பர்வைசரின் அட்டகாசம் என்று எல்லாவற்றையும் பொன்னி சொல்லி முடிப்பாள்.

ஒருமுறை ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், "நுனி பிஞ்சிகினு வர மாதிரி கீதே, எடுத்துடலாமா?" என்றான்.

"இப்பதானே வெட்டினே நைனா! இப்டி வெட்டினா கிராப்புதான் வெச்சிக்கணும்," என்று பொன்னி சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டுக் கத்திரியை உள்ளே வைத்தான்.

1998இல் பொன்னிக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை வீடு சென்னீர்குப்பம். தூரம் ஒன்றுமில்லை, சைக்கிளிலேயே போய்விடலாம். ஆனால் காரணமில்லாமல் போக முடியாது. கல்யாணத்துக்கு வெட்டிய மூன்றாம் மாதம் வந்தபோது, வாழைப்பழமும் பூவும் வாங்கிக்கொண்டு போனான். பொன்னி ஓடி வந்து வரவேற்றாள். காப்பி எடுத்துவர அவள் திரும்பியபோது பின்னலைப் பார்த்தான். நுனி நேராக, சுத்தமாக வெட்டியிருந்தது.

"பூந்தமல்லியில ஒரு பார்லர் தொறந்துக்கீறாங்க நைனா. அவருதான் கூட்டிகினு போனாரு. நல்லா கீதா?"

"நல்லா வெட்டிக்கீறாங்கம்மா. நான் வெட்டுறத விட நேரா கீது," என்றான். உண்மையாகவே நேராகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்தான். ஜெகதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள், கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், முடியைக் கடையில் வெட்டிக்கொண்டாளாம் என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது ஜெகதா ஸ்டூலை இழுத்துப் போட்டு, தலையை அவிழ்த்து, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இன்னாமே?"

"எனக்கு வெட்டி உடு."

அவன் எழுந்து போய்க் கத்திரியும் சீப்பும் எடுத்து வந்தான். அவள் தலையில் அவன் கை வைத்தது கல்யாணமான புதிதில்தான். பாதிக்கு மேல் நரைத்திருந்தது. வெயிலில் வெந்து, கீழே வர வர மெலிந்து, நுனி தும்பு தும்பாக நின்றது. இத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் அவன் அதைப் பார்த்ததில்லை. சீப்பை வைத்து மெல்ல இழுத்தான்.

"நிறைய கெட்டுக் கீது ஜெகதா. ஒரு சாண் எடுக்கணும்."

"எடு."

"வலிச்சா சொல்லு."

"முடி வெட்டினா எங்கனா வலிக்குமாய்யா?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. அவன் முடியை நனைத்து, முதுகில் பரப்பி, ஓரத்திலிருந்து வெட்டத் தொடங்கினான். அவசரப்படவில்லை. குவைத்தில் அந்த வீட்டில், கேசட்டில் அழுத குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டான். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.